யார் இந்த கில்பர்ட் வாக்கர்? பருவமழையைக் கணிக்க வந்தவர், புயல் கணிப்புக்கு வழி திறந்த கதை

ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் மாதம் வந்தால் அமெரிக்க ஊடகங்களில் ஒரு எண் செய்தியாகும். அந்த ஆண்டு அட்லாண்டிக் கடலில் எத்தனை புயல்கள் உருவாகும் என்பதுதான் அந்த எண். வெளியிடுவது கொலராடோ மாகாணப் பல்கலைக்கழகம். அட்லாண்டிக்கில் ஹரிகேன் சீசன் ஜூன் 1-ல் தொடங்கி நவம்பர் 30-ல் முடியும். அதாவது, முதல் புயலுக்கான மேகம்கூடத் திரளாத நேரத்திலேயே கணிப்பு வந்துவிடுகிறது.

நாளைக்கு மழை வருமா என்பதே சில நேரம் தப்பிப் போகிறது. அப்படி இருக்கும்போது, ஐந்தாறு மாதம் கழித்து வரப்போகும் புயல்களை எப்படி எண்ணிச் சொல்கிறார்கள்?

இதற்காக அவர்கள் அட்லாண்டிக் கடலை மட்டும் பார்ப்பதில்லை. அமெரிக்கக் கண்டத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பசிபிக் கடலையும் பார்க்கிறார்கள். அங்கே எல் நினோ வருகிறதா, லா நினா வருகிறதா என்பது இந்தக் கணிப்பில் மிக முக்கியமான கேள்வி. ஒரு கடல் சூடானால் இன்னொரு கடலில் புயல் குறையும் என்பது இன்று பள்ளிப் பாடம் மாதிரி ஆகிவிட்டது.

ஆனால், உலகின் ஒரு மூலையில் இருக்கும் வானிலைக்கும் இன்னொரு மூலையில் இருக்கும் வானிலைக்கும் முடிச்சு உண்டு என்பதை எண்களால் காட்டியது, நூறு ஆண்டுகளுக்கு முன்பு சிம்லாவில் இயங்கிய ஓர் அரசு அலுவலகம். அதன் தலைவர் வானிலை படித்தவரே இல்லை. அட்லாண்டிக் புயலைக் கணிப்பது அவர் வேலையும் இல்லை. இந்தியப் பருவமழையைக் கணிக்கத்தான் அவர் கப்பல் ஏறி வந்தார். அந்த வேலையில் அவர் நினைத்த அளவுக்கு ஜெயிக்கவும் இல்லை.

அவர் பெயர் கில்பர்ட் தாமஸ் வாக்கர்.

பூமராங் வாக்கர்

இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் உள்ள ராச்டேல் நகரில் 1868 ஜூன் 14-ம் தேதி பிறந்தார் வாக்கர். அப்பா சிவில் இன்ஜினீயர். எட்டுப் பிள்ளைகள் கொண்ட பெரிய குடும்பம். பிறகு குடும்பம் லண்டனுக்கு அருகே குரோய்டனுக்குக் குடிபெயர, வாக்கர் லண்டன் செயின்ட் பால்ஸ் பள்ளியில் படித்தார். கணிதம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தவர், 1889-ல் கணிதத் தேர்வில் முதலிடம் பிடித்தார். அந்த இடத்துக்கு அங்கே 'சீனியர் ராங்லர்' என்று பெயர். அந்தக் கால பிரிட்டனில் அது சாதாரண ரேங்க் இல்லை; நாடே பேசும் விஷயம்.

அந்தப் படிப்புக்கு உடம்பு கொடுத்த விலை அதிகம். மறு ஆண்டே உடல்நலம் குலைந்துபோனது. மூன்று குளிர்காலங்களை சுவிட்சர்லாந்தில் ஓய்வில் கழித்தார். அங்கேயும் சும்மா இருக்கவில்லை, பனிச்சறுக்குக் காலணி மாட்டிக்கொண்டு ஸ்கேட்டிங்கில் இறங்கிவிட்டார்.

கேம்பிரிட்ஜ் திரும்பியதும் ஆசிரியர் வேலை. இடையில் ஒரு விநோதப் பொழுதுபோக்கு. ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் ஆயுதமான பூமராங்கைக் கல்லூரிக்குப் பின்புறப் புல்வெளிகளில் எறிந்துகொண்டிருப்பார். எறிந்தது ஏன் திரும்பி வருகிறது என்று கணக்குப் போட்டு ஆய்வுக் கட்டுரையே எழுதினார். நண்பர்கள் வைத்த பட்டப்பெயர், பூமராங் வாக்கர். புல்லாங்குழலின் அமைப்பு, பறவைகள் இறக்கையை அசைக்காமலே வானில் மிதக்கும் வித்தை என்று அவர் மனம் போகாத இடமில்லை.

இப்படி ஒருவர் இந்திய வானிலைத் துறைக்கு ஏன் வர வேண்டும்? அதற்கு விடை பஞ்சத்தில் இருக்கிறது.

தப்பிப்போன ஒரு கணிப்பு

1876 முதல் 1878 வரை இந்தியாவை உலுக்கியது பெரும் பஞ்சம். சென்னை மாகாணமும் தக்காணமும் மிக மோசமாக அடிவாங்கின. பல லட்சம் பேர் செத்துப்போனார்கள். பருவமழை பொய்த்தது ஒரு காரணம். மக்கள் பட்டினியில் இருந்தபோதும் தானிய ஏற்றுமதியை நிறுத்தாத ஆங்கில அரசின் போக்கு இன்னொரு காரணம்.

மழை பொய்க்கும் என்று முன்பே தெரிந்தால் தயாராக இருக்கலாமே என்ற கேள்வி அரசுக்குள் வலுத்தது. 1875-ல் தொடங்கப்பட்டிருந்த இந்திய வானிலை ஆய்வுத் துறையின் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்ட் ஒரு வழி கண்டார். இமயமலையில் பனி அதிகம் விழுந்த ஆண்டுகளில் மழை குறைகிறது என்பது அவர் கவனித்தது. அதை வைத்து 1886 ஜூன் 4-ல் முறைப்படியான முதல் பருவமழைக் கணிப்பை வெளியிட்டார். ஒரு முழுப் பருவத்துக்குமான கணிப்பை ஓர் அரசு முறையாக வெளியிடத் தொடங்கிய தொடக்ககால முயற்சிகளில் இது முக்கியமானது.

அவருக்குப் பின் வந்தவர் ஜான் எலியட். கணிப்பு அறிக்கை பக்கம் பக்கமாக நீண்டது. ஆனால், 1899-ல் பெரிய அடி விழுந்தது. அந்த ஆண்டு மழை நன்றாக இருக்கும் என்றது துறை. நடந்தது தலைகீழ். கடும் வறட்சி, அதைத் தொடர்ந்து இன்னொரு கொடிய பஞ்சம். பத்திரிகைகள் துறையை வறுத்தெடுத்தன. பிறகு சில ஆண்டுகள் கணிப்பு பொதுமக்களுக்குச் சொல்லப்படவே இல்லை; அரசுக்குள் ரகசியமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

இந்தச் சூழலில்தான் எலியட்டுக்கு அடுத்து யார் என்ற கேள்வி எழுந்தது. தேர்வானவர், வானிலை அனுபவம் துளியும் இல்லாத 35 வயது கணித ஆசிரியர் வாக்கர். 1903-ல் இந்தியா வந்தார். 1904-ன் தொடக்கத்தில் துறையின் தலைமைப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது.

காரணம் தெரியாது, கணக்கு தெரியும்

வாக்கருக்கு முன்னால் இருந்த பிரச்சினை இதுதான்: காற்று எப்படி இயங்குகிறது என்பதற்கான சமன்பாடுகளைத் தீர்த்து மழையைக் கணிக்க அந்தக் காலத்தில் வழியே இல்லை. கம்ப்யூட்டர் கிடையாது, செயற்கைக்கோள் கிடையாது. கடலுக்கு நடுவே அளவெடுக்க ஆள் கிடையாது.

அதனால் அவர் வேறு பாதையில் போனார். காரணத்தைப் பிறகு தேடலாம், முதலில் எது எதோடு சேர்ந்து மாறுகிறது என்று பார்க்கலாம் என்பது அவர் முடிவு. ப்ளஸ் டூ புள்ளியியலில் வரும் 'ஒட்டுறவு' ஞாபகம் இருக்கிறதா? அதேதான். இரண்டு எண் வரிசைகள் சேர்ந்து ஏறி இறங்கினால் மதிப்பு 1-ஐ நெருங்கும். ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்கினால் மைனஸ் 1-ஐ நெருங்கும். சம்பந்தமே இல்லை என்றால் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும்.

பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் உலகெங்கும் பரவியிருந்தது, தந்திக் கம்பிகளும் கூடவே பரவியிருந்தன. மொரீஷியஸ், சான்சிபார், ஆஸ்திரேலியாவின் டார்வின் என்று பல ஊர்களின் காற்றழுத்த அளவும் மழை அளவும் கிடைத்தன. தென் அமெரிக்காவின் அழுத்தம், எகிப்தில் நைல் நதியின் வெள்ளம் எல்லாம் பட்டியலில் சேர்ந்தன.

கணக்குப் போட்டவர்கள் யார்? அலுவலகத்தின் இந்திய குமாஸ்தாக்கள். ஓர் இடத்தின் மார்ச் மாத அழுத்தத்துக்கும் இன்னோர் இடத்தின் ஜூலை மழைக்கும் தொடர்பு உண்டா என்று பல ஆண்டு எண்களைப் பெருக்கிக் கூட்டி வகுத்துப் பார்க்க வேண்டும். பிறகு அடுத்த ஜோடி. அதற்கடுத்து இன்னொன்று. இன்று லேப்டாப்பில் ஒரு நொடி வேலை. அன்று பேனாவும் காகிதமுமாகப் பல நாள் உழைப்பு. முதல் உலகப் போரின்போது அதிகாரிகள் பலர் போர்முனைக்குப் போய்விட, இந்தக் கணக்குக் குழுதான் ஆராய்ச்சியை நகர்த்திக்கொண்டு போனது. இன்றைய டேட்டா சயின்ஸ் டீமுக்கு நூறு ஆண்டு மூத்த அண்ணன்கள் இவர்கள். அறிவியல் வரலாற்றில் வாக்கரின் பெயர் நிலைத்தது. இவர்களில் பெரும்பாலானோர் பெயர் நிலைக்கவில்லை.

1909-ல் முதல் பலன் கிடைத்தது. நான்கு விஷயங்களை வைத்து வாக்கர் ஒரு ஃபார்முலா போட்டார். மே மாத இறுதியில் இமயமலையில் சேர்ந்திருக்கும் பனி, மார்ச் முதல் மே வரை தென் அமெரிக்காவின் காற்றழுத்தம், மே மாதம் மொரீஷியஸின் அழுத்தம், ஏப்ரல் - மே மாதங்களில் சான்சிபாரின் மழை. இந்த நான்கு எண்களையும் போட்டால், இந்தியாவின் பருவமழை எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மதிப்பீடு வரும். அதிகாரியின் அனுபவத்தையும் ஊகத்தையும் நம்பி இருந்த கணிப்பு, யார் கணக்குப் போட்டாலும் ஒரே விடை வரும் முறையாக மாறியது.

துறைமுக அலுவலகத்தில் ஒரு நாள்

வாக்கர் வாழ்க்கையில் சென்னைக்கும் ஒரு முக்கியமான பக்கம் உண்டு.

1913 பிப்ரவரி கடைசி வாரம். சென்னைத் துறைமுகத்துக்கு வந்திருந்தார் வாக்கர். அங்கே மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் வேலை செய்த ஒரு குமாஸ்தாவின் கணித நோட்டுகளை அவரிடம் காட்டினார் துறைமுகத் தலைவர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங். அந்த குமாஸ்தா, சீனிவாச ராமானுஜன்.

டிரினிட்டி கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்த வாக்கருக்கு, பார்த்தவுடனே இது சாதாரண மூளை இல்லை என்று புரிந்துவிட்டது. மறுநாளே சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்குக் கடிதம் எழுதினார். ராமானுஜன் சில ஆண்டுகளாவது வயிற்றுப்பாட்டுக் கவலை இல்லாமல் முழு நேரமும் கணிதம் செய்யப் பல்கலைக்கழகம் உதவுவது நியாயமே என்பதுதான் கடிதத்தின் சாரம்.

கேம்பிரிட்ஜில் இருந்து ஜி.எச்.ஹார்டி எழுதிய கடிதமும் அதே நேரத்தில் வந்து சேர, காரியம் வேகமாக நடந்தது. பட்டம் இல்லாத ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது. 1914 மார்ச்சில் அவர் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். மழையைக் கணிக்க வந்த அதிகாரி, துறைமுக அலுவலகத்தில் ஒரு மேதையை அடையாளம் கண்டு கைகொடுத்தார் என்பது, வாக்கரை யாரும் நினைவில் வைத்திருக்க இது ஒன்றே போதும் என்னும் அளவுக்குப் பெரிய விஷயம்.

பெரிய சீசா பலகை

கணக்குகள் குவியக் குவிய, வாக்கருக்கு ஒரு சித்திரம் தெரியத் தொடங்கியது. பசிபிக் பகுதியில் காற்றழுத்தம் கூடும்போது, இந்தியப் பெருங்கடல் பகுதியில் குறைகிறது. இங்கே கூடினால், அங்கே குறைகிறது. பூங்காவில் குழந்தைகள் விளையாடும் சீசா பலகை மாதிரி. பலகையின் நீளம் மட்டும் பூமியின் பாதி.

இதை முதலில் பார்த்தவர் வாக்கர்தான் என்று சொல்ல முடியாது. ஸ்வீடனின் ஹில்டபிராண்ட்சன் 1897-லேயே சிட்னிக்கும் பியூனஸ் அயர்ஸுக்கும் இடையே இப்படி ஓர் எதிரெதிர் ஆட்டத்தைக் கவனித்திருந்தார். பிரிட்டனின் லாக்கியர்களும், தந்தையும் மகனுமாக, இதை மேலும் ஆராய்ந்திருந்தனர். வாக்கர் செய்தது, உலகம் முழுக்க இருந்த எண்களை ஒரே இடத்தில் கொண்டுவந்து, இந்த ஆட்டத்தோடு எங்கெங்கே மழையும் வெப்பமும் சேர்ந்து மாறுகின்றன என்று வரைபடமே போட்டுக் காட்டியது. 1924 வாக்கில் அதற்குப் பெயரும் வைத்தார்: 'தெற்கு அலைவு'. இதோடு, வட அட்லாண்டிக்கிலும் வட பசிபிக்கிலும் தனித்தனியாக இரண்டு அலைவுகள் இருப்பதையும் அடையாளம் காட்டினார். மூன்று பெயர்களும் இன்றும் வானிலை அறிவியலில் புழக்கத்தில் இருக்கின்றன.

அதிர்ஷ்டமா, உண்மையா?

இங்கே ஒரு சிக்கல் உண்டு. நூறு பேரை நிற்க வைத்து, ஆளுக்கு ஆறு முறை காசு சுண்டச் சொல்லுங்கள். ஆறு முறையும் தலையே விழுந்த ஒருவராவது அநேகமாக அந்தக் கூட்டத்தில் இருப்பார். அவருக்குக் காசு சுண்டுவதில் தனித் திறமை என்று அர்த்தமா? நிச்சயம் இல்லை. நூறு பேர் முயன்றால் ஒருவருக்கு அதிர்ஷ்டம் அடிக்கத்தான் செய்யும்.

வாக்கரின் கணக்கிலும் இதே ஆபத்து இருந்தது. நூற்றுக்கணக்கான ஜோடிகளை ஒப்பிட்டால், சம்பந்தமே இல்லாத சில ஜோடிகள் தற்செயலாகவே பிரமாதமாகப் பொருந்தும். அதை நம்பிக் கணித்தால் அடுத்த ஆண்டே காலை வாரிவிடும். இதை முதலில் உணர்ந்தவர்களில் வாக்கரே ஒருவர். பல ஒப்பீடுகளில் இருந்து சிறந்ததைப் பொறுக்கி எடுக்கும்போது அது உண்மையா, தற்செயலா என்று எப்படிச் சோதிப்பது என்பதற்கு 1914-லேயே ஓர் அளவுகோலை எழுதிவைத்தார். தன் முறையில் எங்கே ஓட்டை விழும் என்பதையும் அவரே சொன்னார் என்பது முக்கியம்.

அவ்வளவு கவனமாக இருந்தும் பருவமழை அவருக்குப் பிடிகொடுக்கவில்லை. வலுவாகத் தெரிந்த சில தொடர்புகள், பிந்தைய ஆண்டுகளின் எண்களைச் சேர்த்ததும் பலவீனமாயின. அதைவிட வேடிக்கை ஒன்று நடந்தது. தெற்கு அலைவு பருவமழைக்கு முந்தைய மாதங்களில் தெளிவான சிக்னல் எதையும் தருவதில்லை. மழைக்காலத்திலும் அதற்குப் பின்பும்தான் தொடர்பு பலமாகத் தெரிகிறது. அதாவது, இந்திய மழையைப் பார்த்து உலகின் வேறு இடங்களின் வானிலையை ஊகிப்பது சுலபம். மற்ற இடங்களைப் பார்த்து இந்திய மழையை ஊகிப்பதுதான் கஷ்டம். இந்திய வானிலைத் துறைக்குப் பின்னாளில் தலைமை தாங்கிய சார்லஸ் நார்மண்ட் இதை 1950-களில் சுட்டிக்காட்டினார்.

நம்பாத உலகம்

1924-ல் இந்தியாவில் இருந்து ஓய்வுபெற்ற வாக்கருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் வானிலைப் பேராசிரியராகப் பத்து ஆண்டுகள் பணியாற்றினார். அங்கேயும் உலக வானிலைத் தொடர்புகளை விடவில்லை. பிரேசிலின் சியாரா பகுதி வறட்சியை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்றும் ஆராய்ந்தார். காலத்தொடர் கணிதத்தில் இன்று மாணவர்கள் படிக்கும் 'யூல் - வாக்கர் சமன்பாடுகள்' என்ற பெயரில் வரும் வாக்கரும் இவர்தான்.

ஆனால், வானிலை உலகம் அவரது பெரிய சித்திரத்தைச் சந்தேகத்தோடுதான் பார்த்தது. கேள்வி நியாயமானது: டார்வினில் அழுத்தம் கூடினால், பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இடத்தில் மழை ஏன் மாற வேண்டும்? எது எதைத் தள்ளுகிறது? வாக்கரிடம் அதற்குப் பதில் இல்லை. காரணம் கடலுக்குள் இருக்கலாம் என்று ஊகிக்கத் தேவையான அளவீடுகள் அந்தக் காலத்தில் அவரிடம் இல்லை.

1958 நவம்பர் 4-ல், 90 வயதில் அவர் காலமானார். அவர் இறந்தபின் வந்த இரங்கல் குறிப்பு ஒன்று, உலக வானிலைக்கான கோட்பாடு ஒன்று இதிலிருந்து பிறக்கும் என்ற அவரது நம்பிக்கை பலிக்கவில்லை போலிருக்கிறது என்னும் தொனியிலேயே இருந்தது.

கதையின் ட்விஸ்ட் இங்கேதான். அவர் இறப்பதற்கு முந்தைய ஆண்டுதான் பசிபிக்கில் பலமான எல் நினோ ஒன்று தொடங்கியிருந்தது. சர்வதேச புவி இயற்பியல் ஆண்டுக்காக உலக விஞ்ஞானிகள் கடலையும் காற்றையும் அளந்துகொண்டிருந்த சமயம் அது. வாக்கரிடம் இல்லாத டேட்டா சேரத் தொடங்கியிருந்தது.

புதிரை அவிழ்த்த பசிபிக்

பெரு நாட்டு மீனவர்களுக்கு ஒரு விஷயம் நெடுங்காலமாகத் தெரியும். கிறிஸ்துமஸ் சமயத்தில் கடல் சூடாகும், சில ஆண்டுகளில் அது அளவுக்கு மீறிப் போகும், மீன் கிடைக்காது. குழந்தை இயேசுவை நினைத்து அதற்கு எல் நினோ என்று பெயர் வைத்திருந்தார்கள். ஸ்பானிய மொழியில் ஆண் குழந்தை என்று பொருள். அது உள்ளூர்ச் சமாச்சாரம் என்றே உலகம் நினைத்திருந்தது.

நார்வேயில் வளர்ந்து கலிஃபோர்னியாவில் பணியாற்றிய யாக்கோப் பியர்க்னஸ் என்ற விஞ்ஞானி, 1960-களில் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார். சிம்பிளாகச் சொன்னால் இப்படி: சாதாரண ஆண்டுகளில் பசிபிக்கின் மேலே காற்று கிழக்கில் இருந்து மேற்காக வீசும். சூடான தண்ணீரை இந்தோனேசியா பக்கம் தள்ளிக் குவிக்கும். அங்கே காற்று சூடாகி மேலெழும், உயரத்தில் கிழக்கே போகும், தென் அமெரிக்கக் கரையோரம் கீழிறங்கும். இது ஒரு பெரிய வளையம். எல் நினோ ஆண்டில் இந்தக் காற்று தளர்ந்துவிடும். குவிந்த வெந்நீர் கிழக்கே சரியும். காற்று மேலெழும் இடமும் மாறும். காற்றழுத்தமும் கூடவே மாறும்.

மீனவர்கள் கண்ட எல் நினோவும் வாக்கர் கண்ட தெற்கு அலைவும் ஒரே நிகழ்வின் இரண்டு முகங்கள் என்று தெரிந்தது. ஒன்று கடல் பக்கம், இன்னொன்று காற்றுப் பக்கம். 1969-ல் வெளியான கட்டுரையில் அந்தக் காற்று வளையத்துக்கு பியர்க்னஸ் வைத்த பெயர் 'வாக்கர் சுழற்சி'. பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே கண்ணை மூடிவிட்ட மனிதருக்குக் கிடைத்த அங்கீகாரம் அது.

அட்லாண்டிக் புயலுக்கு எப்படி உதவியது?

காரணம் தெரிந்ததும், வாக்கரின் சீசா பலகை புயல் ஆய்வாளர்கள் கைக்கு வந்தது. 1979-ல் ஆஸ்திரேலியாவின் நெவில் நிக்கோல்ஸ், டார்வின் காற்றழுத்தத்தை வைத்தே அந்நாட்டைச் சுற்றி அந்த சீசனில் எத்தனை புயல் வரும் என்று கணிக்க முடியும் என்று காட்டினார். வாக்கரின் குமாஸ்தாக்கள் கணக்குப் போட்ட அதே டார்வின்.

அமெரிக்காவில் கொலராடோ மாகாணப் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கிரே, எல் நினோ ஆண்டுகளில் அட்லாண்டிக் புயல்கள் குறைவதைக் கவனித்தார். புயல் என்பது ஒரு கோபுரம் மாதிரி. அடியில் இருந்து உச்சி வரை நிமிர்ந்து நின்றால்தான் வலுப்பெறும். எல் நினோ வந்தால் கரீபியன் கடலுக்கு மேலே உயரத்தில் மேற்குக் காற்று வேகம் பிடிக்கிறது. கீழே ஒரு திசை, மேலே ஒரு திசை. கோபுரத்தின் தலை ஒரு பக்கம் சாய்க்கப்பட்டு, புயல் கட்டுக்குலைகிறது. 1982 - 83-ன் பெரிய எல் நினோவுக்குப் பிறகு, 1983-ல் அட்லாண்டிக்கில் பெயர் சூட்டப்பட்ட புயல்கள் வெறும் 4. இப்போதைய கணக்கில் ஓர் ஆண்டின் சராசரி 14.

1984-ல் கிரே தன் முதல் சீசன் கணிப்பை வெளியிட்டார். அட்லாண்டிக் புயல்களுக்கான பருவக் கணிப்பு தொடங்கியது அப்படித்தான். 1998 முதல் அமெரிக்க அரசின் நோவா அமைப்பும் கணிப்பு வெளியிடுகிறது.

இந்தியப் பருவமழையிடம் தோற்ற அதே சாவி, அட்லாண்டிக் புயல் என்ற பூட்டை எப்படித் திறந்தது? விடை காலண்டரில் இருக்கிறது. எல் நினோ எந்தப் பக்கம் சாயும் என்பது மார்ச் முதல் மே வரை குழப்பமாகவே இருக்கும். அதன் பிறகுதான் தெளியும். பருவமழையோ ஜூன் தொடக்கத்திலேயே கேரளக் கரையைத் தொட்டுவிடுகிறது. சிக்னல் தெளியும்போது மழை ஏற்கெனவே வந்துவிட்டிருக்கும். அட்லாண்டிக் புயல்களின் உச்சமோ ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. சிக்னல் கிடைத்த பிறகும் கையில் நேரம் இருக்கும். வாக்கர் கண்டுபிடித்தது தப்பான கருவி இல்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலைக்கு அது கொஞ்சம் தாமதமாக வந்து சேரும் கருவி.

எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது?

அதற்காக, சீசன் கணிப்பு என்றால் ஜோசியம் மாதிரி எல்லாம் சொல்லிவிடும் என்று நினைக்கக் கூடாது. எத்தனை புயல் உருவாகும் என்பதற்கு அது ஒரு மதிப்பீடு. எது எந்த ஊரில் கரை ஏறும் என்பதை அதில் இருந்து தெரிந்துகொள்ள முடியாது. நான்கே புயல் வந்த 1983-லும் அலிசியா புயல் டெக்சாஸைத் தாக்கியது. 1992 அமைதியான சீசன்தான். பெயர் சூட்டப்பட்டவை 6. ஆனால், முதலில் வந்த ஆண்ட்ரூ, ஆகஸ்ட் 24-ம் தேதி தெற்கு ஃபுளோரிடாவைத் தரைமட்டமாக்கியது. அங்கே வீட்டை இழந்த ஒருவருக்கு அது அமைதியான ஆண்டே கிடையாது.

இந்தியாவிலும் இதே பாடம்தான். 1997-ல் எல் நினோ மிக பலமாக இருந்தது. பருவமழை பொய்க்கும் என்று பயந்தார்கள், மழை இயல்பாகவே பெய்தது. அதைவிட பலம் குறைந்த எல் நினோ இருந்த 2002-ல் கடும் வறட்சி வந்தது. எல் நினோ வாய்ப்பை மாற்றும், முடிவைத் தீர்மானிக்காது.

வாக்கர் 1914-ல் எச்சரித்த காசு சுண்டும் ஆபத்தும் போய்விடவில்லை. கிரேயின் குழு 1990-களில் இருந்து, அடுத்த ஆண்டுக்கான எண்ணை முந்தைய டிசம்பரிலேயே வெளியிட்டுவந்தது. பழைய ஆண்டுகளின் டேட்டாவில் சோதித்தபோது அந்த முறை அழகாக வேலை செய்தது. உண்மையான எதிர்காலத்தில் வேலை செய்யவில்லை. சுமார் இருபது ஆண்டுகள் பார்த்துவிட்டு, அந்தக் கணிப்புக்குத் திறன் இல்லை என்று 2011 டிசம்பரில் அவர்களே பகிரங்கமாக ஒப்புக்கொண்டு, டிசம்பர் எண்ணை நிறுத்தினார்கள்.

1899-ல் கணிப்பு பொய்த்தபோது ஓர் அரசு செய்தது, அதை மூடி மறைத்தது. 2011-ல் ஒரு விஞ்ஞானக் குழு செய்தது, தப்பை எண்ணிப் பார்த்து வெளியே சொன்னது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வாக்கர் நிற்கிறார். யாரும் திரும்பப் போட்டுச் சரிபார்க்கக்கூடிய கணக்காகக் கணிப்பை மாற்றியவர் அவர். சரிபார்க்க முடிவதால்தான் தப்பு தெரிகிறது. தப்பு தெரிவதால்தான் அடுத்த ஆண்டின் எண் கொஞ்சம் மேம்படுகிறது.

அடுத்த ஏப்ரலில் அந்த எண் மொபைலில் நோட்டிஃபிகேஷனாக வரும்போது, அதற்குப் பின்னால் சிம்லா அலுவலகத்தின் கணக்குப் புத்தகங்களும், பேனா பிடித்த அந்த குமாஸ்தாக்களும் இருப்பதை நினைத்துக்கொள்ளலாம்.